கம்பெனிக்காரனிடம் சொல்ல வேண்டியது

செவ்வாய்க்கிழமை காலை என்றால் இன்றைக்கும் என் கண் வாசல் பக்கம் போகும். அந்த அக்கா வருகிற நாள் அது.

எர்ணாவூரில் பஸ் ஏறி, கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கிற ரோட்டில் ஊர்ந்து, ராயபுரத்தில் இறங்கி, எங்கள் சர்வீஸ் சென்டரின் மாடிப்படி ஏறும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். நல்ல உயரம். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தோளில் ஒரு ரெக்சின் பை மாட்டியிருப்பார். உள்ளே வந்ததும் ஏ.சி. காற்றில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்குவார். பிறகு சுவரில் புதிதாக என்ன போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். என்னைப் பார்ப்பது அதற்கப்புறம்தான்.

அது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. கம்ப்யூட்டர் செய்து பேர் வாங்கியது. அப்போதுதான் போனும் செய்ய ஆரம்பித்திருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், எனக்கு எதற்கு வம்பு. அதன் பழுதான சாமான்களை வாங்கிப் பார்க்கிற ஏஜென்சியில் கவுன்ட்டர் வேலை எனக்கு. யார் எந்த மிஷினைக் கொடுத்தார்கள், என்ன கோளாறு, திறந்து பார்த்ததில் என்ன தெரிந்தது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது இது. வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வேலை போய்விட்டிருந்தது. நாலு பேர் என் சம்பளத்தில் சாப்பிட்டோம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார், கவுன்ட்டரில் 'இன்னா', 'கீது' எல்லாம் வாயில் வரக்கூடாது என்று. அதனால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை நான் வேறு யாரோ மாதிரிப் பேசிக்கொண்டிருப்பேன். அந்த அக்கா வாயைத் திறந்தால் எங்கள் தெரு பேசுகிற மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்கவும் செய்தது, கூச்சமாகவும் இருந்தது.

கம்பெனியைக் கம்பெனி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. 'அவன்' என்பார். ஏதோ இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற ஆள் மாதிரி. அவன் புதுசாக ஒரு கம்ப்யூட்டர் விட்டால் அதைப்பற்றி ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பார். போன் விட்டால் அதற்கும். முன்னதைவிட ஒல்லியான கம்ப்யூட்டர் வந்து, ஒரு கவருக்குள் அதைச் செருகுகிற மாதிரி படம் போட்ட போஸ்டரை நாங்கள் ஒட்டிய வாரம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார்.

"இந்த வாட்டி மெலிசா பண்ணிட்டானா? எங்க வூட்டுக்காரரும்தான் மெலிஞ்சுகினே போறாரு. அவர யாரு போஸ்டர் போட்டு ஒட்டுறா?"

உட்கார்ந்திருந்த கஸ்டமர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

போனைப் பற்றியும் சொன்னார். பேட்டரியை நாமாகக் கழற்ற முடியாது என்று கேள்விப்பட்டிருந்தார். அவன் செய்த போனை அவனே திறக்க வேண்டும், அவனே மூட வேண்டும் என்றால் நடுவில் வாங்குகிறவன் எதற்கு என்று கேட்டார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பையில் பேப்பர் கட்டிங்குகள் இருக்கும். அந்தக் கம்பெனி எங்கெங்கோ போட்ட வழக்கு, அதன்மேல் எவரெவரோ போட்ட வழக்கு. தமிழில் வந்ததை அவரே படிப்பார். இங்கிலீஷில் வந்தால் என்னிடம் நீட்டுவார், நான் தமிழில் சொல்ல வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, ஞாயம் பேசுவதில் அவர் ஆள் பார்க்க மாட்டார். தன் சாமானின் வடிவத்தைத் திருடிவிட்டான் என்று இன்னொரு கம்பெனிமேல் இவர்கள் வழக்குப் போட்டதை நான் படித்துச் சொன்னபோது, அதில் அவன் வழக்குப் போட்டது சரிதான் என்று தீர்ப்புச் சொன்னார். ராத்திரி பகல் உட்கார்ந்து ஒருத்தன் செய்ததை இன்னொருத்தன் சுட்டால் வயிறு எரியத்தானே செய்யும் என்றார். ஆனால் எங்கோ ஒரு சின்னக் கடைக்காரன் இவர்கள் மிஷினைத் திறந்து ரிப்பேர் பார்த்தான் என்பதற்காக அவனைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள் என்ற செய்தியைக் கேட்டுவிட்டு அந்தக் கட்டிங்கை மடித்துப் பைக்குள் வைத்தார். மேலே இருக்கிற அவனுக்கு இது தெரிந்திருக்காது, கீழே இருக்கிறவர்கள் செய்கிற வேலை இது என்று கடைசியில் சொன்னார்.

இதுதான் அவர். மற்ற கஸ்டமர்கள் எங்களைத் திட்டுவார்கள், கம்பெனியைத் திட்டுவார்கள், மேஜையைத் தட்டுவார்கள். இவர் மட்டும் கம்பெனிக்காரன் நல்லவன், அவனிடம் விஷயத்தைச் சொல்ல ஆள் இல்லை, சொன்னால் செய்துவிடுவான் என்று நம்பினார். இவ்வளவு அழகாக மிஷின் செய்கிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்பது அவர் கணக்கு. எங்கள் டெக்னீஷியன் முதுகுக்குப் பின்னால் 'கேஸ்காரம்மா' என்று பேர் வைத்துச் சிரிப்பான். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவருடைய விஷயம் இதுதான். எர்ணாவூரில் ஹவுசிங் போர்டு பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக் கொடுக்கிற கடை. நெட்டுக்குப்பம்வரை எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவரிடம்தான் ஓடி வருவார்கள். செத்தவருடைய போட்டோ என்று ரேஷன் கார்டைக் கொண்டுவருவார்கள், கல்யாண குரூப் போட்டோவில் பின்வரிசையில் பாதி மறைந்த முகத்தைக் கொண்டுவருவார்கள். அவர் அந்த முகத்தை எடுத்து, துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, பிணத்தை எடுப்பதற்குள் சுவரில் ஒட்டுகிற மாதிரி போஸ்டராக்கிக் கொடுத்துவிடுவார். இந்த வேலைக்காகவே புருஷனை வேலையிலிருந்து நிறுத்தியபோது ஃபேக்டரி கொடுத்த பணத்தில் அந்தக் கம்பெனியின் லேப்டாப்பை வாங்கினார். ஏன் இதுவே வேண்டும் என்று நான் ஒருதரம் கேட்டேன்.

"நெறம் பாப்பா. மத்த மிஷின்ல மூஞ்சி பச்சையா வருது. செத்துப் போனவன நாம இன்னொரு வாட்டி சாவடிக்கக் கூடாது."

வாங்கிய ஏழாவது மாதம் அது செத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் உயிர் வரவில்லை. ஒரு வருஷ கேரன்டி இருந்தது. துண்டில் சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தார். மூடியில் சந்தனம் காய்ந்து உரிந்து, நடுவில் குங்குமம் இருந்தது. டெக்னீஷியன் உள்ளே கொண்டுபோய்த் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீர் பட்டிருக்கிறது என்று எழுதச் சொன்னான். நான் எழுதினேன்.

அந்தக் கம்பெனி மிஷின்களுக்குள் சில இடங்களில் மிளகளவு வெள்ளைப் பொட்டு ஒன்றை ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகிவிடும். சிவப்பைப் பார்த்தால் போதும், கேரன்டி கிடையாது, கேள்வியும் கிடையாது. சார்ஜர் செருகுகிற ஓட்டைக்கு உள்பக்கம் இருந்த பொட்டு சிவந்திருந்தது. தண்ணீரே காட்டவில்லை, டீ டம்ளரைக்கூட அந்த மேஜையில் வைக்க விடமாட்டேன் என்று அக்கா சொன்னார். நான் மேனேஜர் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். புது போர்டு போட என்ன ஆகும் என்று கேட்டு, நான் சொன்ன தொகையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். மிஷினை வாங்கிக்கொண்டு போக மாட்டேன், அவனே சரி செய்து தரட்டும் என்று விட்டுவிட்டுப் போனார். அடுத்த செவ்வாயிலிருந்து ஆரம்பித்தது.

"சொன்னியா அவன்கிட்ட?" என்பார்.

சொல்லியிருக்கிறோம் அக்கா என்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யார் இருந்தார்கள்? எங்களுக்கும் கம்பெனி என்றால் ஒரு ஃபேக்ஸ் நம்பரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து குறை சொல்லிவிட்டுப் போகிற ஒரு டை கட்டிய ஆளும்தான்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் வெளுத்து ஊறிப்போய், அங்கங்கே கீறலாக இருந்தது. கிட்டே வந்தால் லேசாகக் கவிச்சி அடித்தது. காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறாராம். விடிகாலையில் ஐஸில் கை வைத்தால் பத்து மணிவரை. அங்கிருந்து நேராக எங்களிடம். போஸ்டருக்கு ஆட்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், சாவு நமக்காகக் காத்திருக்குமா என்றார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கஸ்டமர் நிற்கிறார்கள் அக்கா, கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கட்டிங் பையை மறந்துவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் குப்பையில் போடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு எர்ணாவூர் போனேன்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரே அறை. கட்டிலில் அவர் புருஷன் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. ஒவ்வொரு மூச்சையும் இழுத்து எடுப்பது வாசல்வரை கேட்டது. அன்றைக்குத்தான் யாரோ ஒரு புண்ணியவான் ஆஸ்பத்திரியில் வைக்கிற மருந்துப் புகை மிஷின் ஒன்றை அவருக்கென்று வாங்கிக் கொடுத்திருந்தார். அட்டைப் பெட்டி பிரித்தபடி கிடந்தது. அக்கா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் அந்த மிஷினைத் தரையில் வைத்து, கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு மிஷினைத் திருப்பி, ஒயர் செருகுகிற ஓட்டையின் விளிம்பிலும் சந்தனம் தொட்டு, அதன்மேல் ஒரு சிட்டிகைக் குங்குமத்தை அழுத்தினார். பாதி ஒட்டியது. மீதி உள்ளே உதிர்ந்தது.

அங்கே எதற்கு அக்கா என்று கேட்டேன். கரன்ட் உள்ளே போகிற இடத்தில் வைத்தால்தான் மிஷினைக் கரன்ட் அடிக்காதாம். அவர் அம்மா கிரைண்டருக்கு அப்படித்தான் வைப்பாராம்.

லேப்டாப்புக்கும் வைத்தீர்களா என்று கேட்டேன். அதற்கு வைக்காமலா என்றார். வாங்கி வந்த அன்றே.

திங்கட்கிழமை டெக்னீஷியன் டீ குடிக்கப் போன நேரம் அவருடைய லேப்டாப்பை எடுத்தேன். அடிமூடி திருகு போடாமல்தான் கிடந்தது. காது குடைகிற பஞ்சால் அந்தச் சிவப்புப் பொட்டின் ஓரத்தை மெதுவாக ஒற்றினேன். பஞ்சு சிவந்தது. பொட்டு அந்த இடத்தில் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. தண்ணீரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, குங்குமத் தூள். மிஷின் தானாகவே செத்திருக்கிறது. கேரன்டி முழுசாக உண்டு. அடப்பாவி, ஒரு வருஷமாக இந்தப் பொம்பளை பஸ் ஏறி ஏறி வருகிறாளே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

சந்தோஷத்தில் புத்தி கெட்டுப்போய் நேராக மேனேஜரிடம் ஓடினேன். நல்லது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மறுநாள் அக்கா வந்ததும் அவரிடமும் சொன்னேன். கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஐஸில் ஊறிய விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

"நீ சொல்லு பாப்பா. நீ பாத்தத அப்படியே சொல்லு. அவனுக்குத் தெரிஞ்சா போதும், வேற ஒண்ணும் வாணாம்."

சொல்கிறேன் அக்கா என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அதற்கு முன்னமே அவர் நுகர்வோர் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் எழுதிக்கொடுத்த மனு, வக்கீல் இல்லை. இன்னும் பத்து நாளில் விசாரணை.

சாயங்காலம் ரேக்கில் பார்த்தேன். லேப்டாப் இருந்தது. அந்தப் பொட்டு ஒட்டியிருந்த சின்னத் தகடு மட்டும் இல்லை. தலைமை ஆபீஸ் கேட்டதால் அனுப்பிவிட்டோம் என்றான் டெக்னீஷியன், என் முகத்தைப் பார்க்காமல்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. கத்தவில்லை. ரொம்பப் பொறுமையாகப் பேசினார். ஒரு சிவப்புப் பொட்டு தப்பு என்று கோர்ட்டில் ஒத்துக்கொண்டால் எண்ணூர்வரை திருப்பி அனுப்பின அத்தனை பேரும் நாளைக்குப் படியேறி வருவார்கள். கடல் காற்றில் எத்தனை பொட்டு தானாகச் சிவந்ததோ, கடவுளுக்குத்தான் தெரியும். கம்பெனி ஏஜென்சியைப் பிடுங்கிக்கொள்ளும். இங்கே வேலை பார்க்கிற பதினோரு பேரும் தெருவுக்குப் போக வேண்டியதுதான். சீட்டில் என் கையெழுத்து இருப்பதால் கோர்ட்டில் என்னைத்தான் கேட்பார்கள் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"உங்க அப்பாவுக்கு ஏதாவது வேலை கெடைச்சுதாம்மா?" என்று கேட்டார்.

பிறகு கவுன்ட்டருக்குப் போகச் சொன்னார்.

கோர்ட் என்றால் நான் என்னவோ நினைத்திருந்தேன். ஒரு ஆபீஸ் ரூம், ஒரு நீள மேஜை, கடகடவென்று சுற்றுகிற ஃபேன். அக்கா நல்ல புடவை கட்டி, பூ வைத்திருந்தார். அன்றைக்கு இறாலுக்குப் போகவில்லை போல, கவிச்சி இல்லை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டார். கம்பெனி வக்கீல் பக்கத்தில் நான் நின்றிருந்ததைக்கூட அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேஜைக்குப் பின்னால் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த அம்மா என்ன நடந்தது என்று அக்காவிடம் கேட்டார். அக்கா குங்குமத்தைப் பற்றிச் சொன்னார். இந்தப் பெண்ணே பஞ்சால் துடைத்துப் பார்த்தது என்று என்னைக் காட்டினார். அந்த அம்மா என்னைப் பார்த்து, திறந்தபோது பொட்டு என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டார். சிவப்பு என்றேன். அது குங்குமமாக இருந்திருக்கலாமா, நீங்கள் துடைத்துப் பார்த்தீர்களா என்றார்.

வீட்டில் அப்பா காலையில் எனக்காக டிபன் பாக்ஸைத் துடைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. வேலை போனதிலிருந்து அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"இல்லைங்க மேடம். எனக்குத் தெரியாது" என்றேன்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று அந்த அம்மா கேட்டதற்கு, அக்கா என்னையே பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார். மனு தள்ளுபடியாகிவிட்டது என்று பதினைந்து நாள் கழித்து ஆபீஸுக்குத் தபால் வந்தது. மேனேஜர் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன். தின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தின்றேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை அக்கா வந்தார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போக. போஸ்டரைப் பார்க்கவில்லை. அந்த வாரம் புதுப் போன் படம் ஒட்டியிருந்தோம், ஆள் உயரத்துக்கு. வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தவறிப்போய்விட்டார், பத்து நாளாகிறது என்றார். போஸ்டர் எதிர்க்கடையில் அடித்தார்களாம். முகம் சரியாக வரவில்லையாம்.

துண்டில் சுற்றியிருந்த லேப்டாப்பை எடுத்துவந்து வைத்தேன். மிஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அது இங்கிலீஷில் இருக்கும். அதை நீட்டினேன். என்ன போட்டிருக்கிறது, படி என்றார். 'என் கவனக்குறைவால் இந்தச் சாதனத்தில் தண்ணீர் பட்டது உண்மை. கம்பெனிமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை' என்று படித்துச் சொன்னேன்.

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். கோபமே இல்லை அவரிடம். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவனுக்கு எடுத்துச் சொல்றதுக்கு ஒரு ஆள் இல்லியேன்னுதான் இத்தினி நாளா அலைஞ்சுகினு இருந்தேன் பாப்பா. அந்த ஆளு நீதான்னு தெரிஞ்சப்போ எனக்கு அப்படி ஒரு தெம்பு வந்துச்சு."

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். விரல் வீங்கியிருந்ததால் பேனா வழுக்கியது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக முழுப்பேரையும் எழுதினார். லேப்டாப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்த ஃபாரத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. அதில் நான் கையெழுத்துப் போட்டேன்.